சேலை யாருடையது? மதுரையில் ‘காஞ்சனா’: ஒரு நிகழ்வு ஆய்வு

2011 ஜூலை 22, வெள்ளிக்கிழமை ‘முனி 2: காஞ்சனா’ வெளியானது. நான் பார்த்தது இரண்டு நாள் கழித்து, ஞாயிறு சாயங்காலக் காட்சி. வைகைக்கு வடகரையில் ஒரு தியேட்டர். பெரிய எதிர்பார்ப்பெல்லாம் இல்லை. மச்சினன் ஒரு டிக்கெட் கூடுதலாக எடுத்துவிட்டான், சரி என்று போனேன்.

பேய் புகுந்த நாயகனுக்குச் சேலை மேலும் வளையல் மேலும் ஆசை வருகிற கட்டம். நடை மாறுகிறது, கழுத்து ஒரு பக்கமாகச் சாய்கிறது, வீட்டுப் பெண்கள் மிரண்டுபோகிறார்கள். தியேட்டர் குலுங்கியது. எனக்கு முன்வரிசையில் காலேஜ் பையன்கள் ஏழெட்டுப் பேர். ஒருவன் எழுந்து நின்று, கையை வாயருகே குவித்து, “ஏய்... ஒம்போது!” என்று திரையைப் பார்த்துக் கத்தினான். படத்துக்கு விழுந்த சிரிப்பைவிட அவனுக்கு விழுந்த சிரிப்பு பெரிது. நானும் சிரித்தேன். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் மேற்கொண்டு எழுதுவதில் அர்த்தம் இல்லை.

அப்புறம் பிளாஷ்பேக் வந்தது. அந்தச் சேலையும் வளையலும் யாருடையவை என்று தெரிந்தது. ஃபேன் சத்தம் கேட்கிற அளவுக்குத் தியேட்டர் அடங்கியது. பின்னால் ஒரு குழந்தை, “அது ஏம்மா அழுவுது?” என்று கேட்டதும், அதன் அம்மா “பேசாமப் பாரு” என்று அதட்டியதும் தெளிவாகக் காதில் விழுந்தன. கத்திய பையன் பாப்கார்ன் கவரை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தான். கடைசியில், அதே சேலையில் பேய் ஆடித் தீர்த்தபோது, முதலில் விசில் அடித்தவனும் அவன்தான்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. படம் விட்டு வண்டி ஸ்டாண்டுக்கு வந்தால், அதே பையன்கள் டோக்கனைத் தேடிக்கொண்டே கையைத் தட்டித் தட்டி, “ஐயோ, காஞ்சனா வந்துட்டா” என்று ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரே சாயங்காலத்துக்குள் ஒரு கூட்டம் சிரித்து, அடங்கி, விசிலடித்து, திரும்பவும் பழைய சிரிப்புக்கே வந்துவிட்டது. கொச்சையான நகைச்சுவைப் படம் ஒன்று சமூக விஷயத்தைத் தூக்கிக்கொண்டால் பார்ப்பவர்களுக்குள் என்ன நடக்கிறது? இந்தப் படத்தை நான் பிறகு இரண்டு முறை, வேறு வேறு ஆட்களோடு பார்த்தேன். மூன்றையும் சேர்த்து வைத்து யோசித்ததுதான் இது.

*

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. ராகவா லாரன்ஸ் எழுதி இயக்கி நடித்த ‘முனி’ 2007இல் வந்தது. பேயென்றால் தொடைநடுங்கும் ஒரு இளைஞன் உடம்பில், அநியாயமாகச் செத்த முனியாண்டி என்பவரின் ஆவி புகுந்து பழிவாங்கும் கதை. முனியாண்டியாக ராஜ்கிரண். (முனியாண்டி என்ற பெயரை வைத்து மதுரைக்காரர்களைப் பயமுறுத்துவது சிரமம். திருமங்கலத்துக்குத் தெற்கே வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலில் பிரியாணியே பிரசாதம். நமக்கு அது பேயின் பெயர் என்பதைவிடச் சாப்பாட்டுக் கடையின் பெயர்.)

இரண்டாம் பாகத்திலும் அச்சு அதேதான். வேலைவெட்டி இல்லாமல் கிரிக்கெட் ஆடித் திரிகிற ராகவா. பொழுது சாய்ந்தால் அம்மா துணையில்லாமல் பாத்ரூம்கூடப் போகமாட்டான். அம்மாவாகக் கோவை சரளா, அண்ணியாகத் தேவதர்ஷினி, அண்ணனாக ஸ்ரீமன். புது மைதானம் என்று போன இடத்தில் பிணங்கள் புதைந்திருக்க, அங்கிருந்து கொண்டுவந்த ஸ்டம்போடு ஆவிகளும் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. ஒன்றல்ல, மூன்று. அதில் முக்கியமானது காஞ்சனா என்னும் திருநங்கை. பெற்றவர்களால் விரட்டப்பட்டு, ஒரு முஸ்லிம் பெரியவரால் ஆதரிக்கப்பட்டவர். தன்னால் ஆக முடியாத டாக்டராக இன்னொரு திருநங்கைப் பிள்ளையைப் படிக்கவைக்கிறார். ஆஸ்பத்திரி கட்ட நிலம் வாங்குகிறார். அந்த நிலத்தின் மேல் ஒரு எம்.எல்.ஏ. கண் வைக்கிறார். கொலை, புதைப்பு, பேய்.

காஞ்சனாவாக நடித்தது சரத்குமார். இதன் கனம் இன்றைக்கு உறைக்காது. கல்லூரிக் காலத்தில் ஆணழகன் பட்டம் வாங்கியவர். ‘நாட்டாமை’யில் தீர்ப்பு சொன்னவர். போதாததற்கு, படம் வருவதற்கு இரண்டு மாதம் முன்புதான், 2011 சட்டமன்றத் தேர்தலில் தென்காசியில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆகியிருந்தார். நிஜத்தில் பதவியில் இருக்கும் எம்.எல்.ஏ. சேலை கட்டி வந்து, கதையில் ஒரு எம்.எல்.ஏ. கையால் சாகிறார். எங்கள் வரிசையில் இருந்த ஒரு அண்ணாச்சி, “எலெக்‌ஷனுக்கு முன்னாடி வந்திருந்தா இவரு நடிச்சிருப்பாரா?” என்று மெதுவாகக் கேட்டார். நியாயமான கேள்விதான்.

*

கொச்சை, பிறகு கண்ணீர் என்ற இந்த வரிசை சினிமா கண்டுபிடித்தது அல்ல. மதுரையைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு இது மனப்பாடம்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தன் பாலர் சபையைத் தொடங்கியது மதுரையில். அவர் எழுதி வைத்த வள்ளி திருமணமும் பவளக்கொடியும் இன்றும் பங்குனி, சித்திரையில் கிராமத்துப் பொட்டலில் விடிய விடிய நடக்கின்றன. நாடக நடிகர் சங்கமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. என் தாய்மாமன் இருபது வருஷம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். சின்ன வயதில் அவர் பெட்டிக்குப் பின்னால் படுத்துக்கொண்டே நிறைய நாடகம் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் முதலில் வருகிறவர் பபூன். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பெஞ்சில் கிடக்கும் மிருதங்கக்காரரை வம்புக்கு இழுப்பார். பிறகு டான்ஸ்காரப் பெண் வருவார். இருவரும் பேசுவதில் இரட்டை அர்த்தம் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான், பாதிக்கு மேல் ஒரே அர்த்தம்தான் இருக்கும். முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் எழுந்து போகமாட்டார்கள். ஏனென்றால் பின்னால் நாரதர் வருவார், வள்ளி வருவாள், முருகனும் வள்ளியும் தர்க்கம் செய்வார்கள். விடியும்போது கல்யாணம். அதே கூட்டம் கும்பிட்டுவிட்டு எழும்.

பபூன் தொழில் பற்றி மாமா ஒரு கணக்கு சொல்வார். “நல்ல பபூன் முதல்ல தன்னையத்தான் கேவலப்படுத்திக்கிருவான். பொண்டாட்டிகிட்ட அடி வாங்குனதச் சொல்லுவான். அதுக்கப்பறம் அவன் யாரைச் சொன்னாலும் ஊரு பொறுத்துக்கும். வந்ததும் வராததுமா அடுத்தவன் குறையைப் பேசுனான்னா, பெஞ்சுல இருந்தே கல்லு வரும்.”

இந்தக் கணக்கை வைத்துக் ‘காஞ்சனா’வின் முதல் பாதியைப் பார்த்தால் இரண்டு வகைக் கொச்சை தனித்தனியாகத் தெரிகிறது. வளர்ந்த ஆம்பளை அம்மா இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொள்வதும், பாத்ரூம் வாசலில் அம்மாவை நிறுத்தி வைப்பதும் முதல் வகை. படத்தை எழுதி இயக்கியவரே தன்னைத்தான் நாறடித்துக்கொள்கிறார். நாயகன் என்றால் பத்துப் பேரைப் பந்தாட வேண்டும் என்ற வழக்கத்தையே அவிழ்த்துப் போடும் கொச்சை அது. வீட்டில் ஆவி இருக்கிறதா என்று பார்க்க மாமியாரும் மருமகளும் தேங்காயும் விளக்கும் வைத்து நடத்தும் சோதனைகளும் இதே வகைதான். இன்றைக்குப் பார்த்தாலும் அந்த இடங்கள் சிரிக்க வைக்கின்றன.

இரண்டாவது வகை அந்தச் சேலைக் காட்சிகள். அங்கே பபூன் தன்னைக் கிண்டல் செய்வதுபோலத் தெரிந்தாலும் உண்மையில் வேறொருவர் உடம்பைக் கிண்டல் செய்கிறார். அந்த ஆள் அந்த நேரத்தில் மேடையில் இல்லை. முன்வரிசைப் பையன் அதைச் சரியாகப் புரிந்துகொண்டுதான் கத்தினான்.

*

சாமி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அநியாயமாகக் கொல்லப்பட்டவர் அடங்காத ஆவியாகி, யார் மேலாவது இறங்கி, கேட்க வேண்டியதைக் கேட்டு, கடைசியில் கும்பிடப்படுவது நம் பக்கத்தில் கதை அல்ல, கோயில் வரலாறு. மதுரைவீரன் கதை அப்படித்தான். மாறுகை மாறுகால் வாங்கப்பட்டவர் மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசலில் சாமியாக நிற்கிறார். ஊர்ப்பக்கம் அம்மன் இறங்கும் ஆண் சாமியாடிகள் பட்டுச்சேலை சுற்றி, கை நிறைய வளையல் போட்டு வருவதை நானே பார்த்திருக்கிறேன். மீசையோடு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு. யாரும் சிரிப்பதில்லை. எதிரே வந்தால் கும்பிட்டு ஒதுங்குவார்கள்.

ஆகவே மீசை முகத்தில் சேலை என்பது மட்டும் நமக்குச் சிரிப்பு வரவழைக்கிற விஷயம் இல்லை. சாமி சேலை என்று தெரிந்தால் பயபக்தி. யாருடையது என்றே தெரியாவிட்டால் கெக்கலிப்பு. தியேட்டரில் அன்றைக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். உடுத்திய ஆள் மாறவில்லை, லாரன்ஸ்தான். சேலையின் சொந்தக்காரி யார் என்ற தகவல் மட்டும் நடுவில் வந்து சேர்ந்தது. அந்தத் தகவலை இடைவேளைக்குப் பிறகு வரை ஒளித்து வைத்ததில்தான் படத்தின் சாமர்த்தியம் இருக்கிறது, களவாணித்தனமும் இருக்கிறது. முதலில் சிரிக்க விட்டு வசூல் பண்ணிக்கொண்டு, பிறகு அந்தச் சிரிப்புக்காக நம்மையே வெட்கப்பட வைக்கிறது. சிலர் வெட்கப்பட்டார்கள். சிலர் வண்டி ஸ்டாண்டு வரை போய்த் தெளிந்துவிட்டார்கள்.

*

அந்த ஜூலை மாதத்துக்கென்று ஒரு சூடும் இருந்தது. மே மாதம் ஆட்சி மாறி, தமிழகம் முழுக்க நில அபகரிப்புத் தடுப்புச் சிறப்புப் பிரிவுகள் தொடங்கப்பட்ட நேரம். ‘நில அபகரிப்பு’ என்ற சொல் இல்லாமல் பேப்பர் வராது. மதுரையில் டீக்கடைக்கு டீக்கடை, யார் இடத்தை யார் எழுதி வாங்கினார்கள் என்ற பேச்சு. அந்தச் சமயத்தில் திரையில் ஒரு எம்.எல்.ஏ., ஆதரவில்லாத ஒருவரின் நிலத்தை வளைக்கிறார். அவர் மேல் பேய் பாய்ந்தபோது எழுந்த கைதட்டலில் திருநங்கைகளுக்கான நியாயம் எத்தனை பங்கு, நிலத்துக்கான கோபம் எத்தனை பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கூட்டத்துக்குத் தன் சொந்த வலியாக முதலில் பட்டது நிலம்தான். காஞ்சனா அந்த வலியின் வழியாகத்தான் ‘நம்ம ஆள்’ ஆனாள் என்பது என் கணிப்பு.

சமூகப் படம் எடுப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். அதே 2011இல், கல்கி சுப்ரமணியம் என்ற திருநங்கையே நாயகியாக நடித்த ‘நர்த்தகி’யும் வந்தது. கிண்டல் இல்லாத படம். அந்த வாழ்க்கையை உள்ளிருந்து சொன்ன படம். எனக்குத் தெரிந்து அதைத் தியேட்டரில் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணலாம், அதில் நான் இல்லை. ‘காஞ்சனா’வைப் பார்க்காதவர்களைத்தான் தேட வேண்டும். இதில் எது சரி என்று தீர்ப்பு சொல்ல நான் நாட்டாமை இல்லை.

*

இரண்டாம் முறை பார்த்தது உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில், ஒரு பொங்கலுக்கு, டிவியில். வீடு நிறைய ஆட்கள். கரும்புச் சக்கையைத் துப்பிக்கொண்டு பிள்ளைகள் தரையில், அப்பத்தா கட்டிலில். சேலைக் காட்சியில் வீடே சிரித்தது, அப்பத்தா உட்பட. காஞ்சனாவைப் பெற்றவர்கள் விரட்டும் கதை வந்ததும் அப்பத்தா வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டது.

“பெத்தவகளே வெரட்டிட்டா அது எங்கிட்டுப் போகும்?”

யாரும் பதில் சொல்லவில்லை. விளம்பரம் வந்தது. சோப்பு விளம்பரத்துக்கு நடுவே அப்பத்தா தானாகப் பேச ஆரம்பித்தது. கீழத்தெருவில் ஒரு வீட்டில் மூத்த மகன் இப்படித்தான் இருந்தானாம். கம்மாய்க்கரையில் தனியாகக் கும்மி அடிப்பானாம். அவனுடைய அப்பன் ஒருநாள் மாட்டுக்கயிற்றால் அடித்த அடியில் ராவோடு ராவாகப் போனவன்தான், பம்பாய்க்குப் போனதாகச் சொன்னார்களாம். “அவுக ஆத்தா சாகறவரைக்கும் திண்ணையிலதேன் படுத்துச்சு. வந்தா கதவு தட்டணும்ல, அதுக்கு.”

என் அப்பாவுக்கே அது புதுச் செய்தி. முப்பது நாற்பது வருஷம் அந்த வீட்டைத் தாண்டித்தான் நாங்கள் எல்லோரும் வயலுக்குப் போய் வந்திருக்கிறோம். பேர் என்ன என்று கேட்டேன். அப்பத்தா ஒரு ஆண் பெயரைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, “இப்ப என்ன பேரு வச்சிருக்கோ” என்றது.

படத்தின் வசனங்கள் எதுவும் இதைச் செய்யவில்லை. படம் நல்லதா கெட்டதா என்பதும் அங்கே பேச்சில்லை. கிழக்குப் பார்த்த ஒரு திண்ணையைப் பற்றிப் பேச எங்கள் வீட்டுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. பொங்கலன்று குடும்பத்தோடு பார்க்கிற, பாத்ரூம் ஜோக் நிறைந்த ஒரு பேய்ப் படத்தால்தான் அந்தச் சாக்கைக் கொடுக்க முடிந்தது. கண்ணியமான படம் ஒன்று ஓடியிருந்தால் யாராவது சேனலை மாற்றியிருப்பார்கள்.

*

மூன்றாவது பார்வை சமீபத்தில், செல்லூர்ப் பக்கம் சாயங்காலம் பணியாரக் கடை போடும் ஒரு அக்காவோடு. திருநங்கை. பெயர் வேண்டாம். நான்கைந்து வருஷமாகக் காரப் பணியாரம் வாங்கிப் பழக்கம். இப்படி ஒன்று எழுதுகிறேன் என்றதும், “அந்தப் படத்தை நான் ரிலீஸ்லயே பாத்தவ தம்பி” என்றார். ஒரு மத்தியானம் மாவு புளிக்கிற நேரத்தில், என் போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு துண்டு துண்டாகப் பார்த்தோம்.

2011இல், திருநங்கைகள் சேர்ந்து வாழும் ஜமாத்தில் இருந்து ஐந்து பேர் சேர்ந்து போனார்களாம். “டிக்கெட் கவுண்டர்லயே பஞ்சாயத்து. பொம்பளைங்க வரிசையில நின்னா அவங்க நகர்றாங்க. ஆம்பளைங்க வரிசையில நின்னா அவனுங்க நெருங்குறானுங்க. எங்க அம்மாதான் நேரா மேனேஜர்கிட்டயே போய் வாங்கிட்டு வந்துச்சு.” அம்மா என்றது பெற்றவரை அல்ல, ஜமாத்தில் இவரை மகளாக ஏற்றுக்கொண்டவரை.

சேலைக் காட்சி வந்தது. நான் ஓரக்கண்ணால் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. என் மொத்த வாதமும் அந்தக் காட்சி தப்பு என்பதில்தானே நின்றது.

“இதுல என்ன சிரிப்புக்கா?”

“நான் முதமுத சேலை கட்டுன அன்னிக்கு இப்படித்தான் நடந்தேன். கொசுவம் ஒரு பக்கம் அவுந்து, மாராப்பு ஒரு பக்கம் இழுத்து... ரெண்டு எட்டு வைக்கல, மண்டபத்து வாசல்லயே தடுக்கி விழுந்தேன். எங்க அம்மா சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. அன்னிக்குத் தியேட்டர்ல நாங்க அஞ்சு பேரும் ஒருத்திய ஒருத்தி கிள்ளிக்கிட்டுச் சிரிச்சோம்.”

முன்வரிசைப் பையனும் அக்காவும் ஒரே காட்சிக்குத்தான் சிரித்திருக்கிறார்கள். அவனுக்குச் சேலை யாருடையது என்று தெரியாது. அக்காவுக்கு அது தன்னுடையது. எங்களுக்குப் பிளாஷ்பேக்கில் கிடைத்த தகவல் அவர்களுக்கு முதல் ரீலிலேயே கையில் இருந்தது. கொச்சை நகைச்சுவையை மொத்தமாக அள்ளிக் குப்பையில் போட முடியாது என்று எனக்குப் பட்டது அந்த இடத்தில்தான். யார் சிரிக்கிறார்கள், எதைத் தெரிந்துகொண்டு சிரிக்கிறார்கள் என்று பார்க்காமல் காட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியவில்லை.

குறைகளும் சொன்னார். “எங்க தட்டு இப்படி இருக்காது.” விரல்களை விரித்து, உள்ளங்கைகளைக் குறுக்காக வைத்து ஒருமுறை தட்டிக் காட்டினார். தெருமுனை வரை கேட்டிருக்கும், எதிர்க்கடை நாய் எழுந்து உட்கார்ந்தது. “அவரு பெரிய நடிகரு, நல்லாத்தான் பண்ணாரு. ஆனா எங்கள்ல ஒருத்திக்குக் குடுத்திருந்தா கையாவது சரியா வந்திருக்கும்.”

படம் முடிந்த அன்று நடந்த ஒன்றையும் சொன்னார். பின்சீட்டில் இருந்த பெண், கவுண்டர் வரிசையில் இவர்களைக் கண்டு நகர்ந்து நின்றவர், வெளியே வரும்போது கைக்குழந்தையை நீட்டி, தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணச் சொன்னாராம். “பண்ணேன். ஆனா அது என்னையப் பாத்துக் கேட்டுச்சா, பேயப் பாத்துக் கேட்டுச்சான்னு தெரியல.”

படத்தின் பெரிய ஓட்டையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. உயிரோடு இருந்தவரை காஞ்சனாவுக்கு ஊர் கொடுக்காததை, செத்துப் பேயானபின் பயந்துகொண்டு கொடுக்கிறது. மதுரைவீரனுக்கும் அதுதானே என்று வாதம் பண்ணலாம். ஆனால் மதுரைவீரன் எதிர்க்கடையில் பணியாரம் சுடுவதில்லை.

“தெருவுல என்ன மாறுச்சுக்கா?”

“முந்தி ஒம்போதுன்னு கத்துவானுங்க. படம் வந்தப்புறம் காஞ்சனான்னு கத்துனானுங்க. ஒரு ரெண்டு மூணு வருசம் எங்க போனாலும் காஞ்சனாதான்.” கொஞ்ச நேரம் மாவைக் கிண்டினார். “பேய்ப் பேருதான். ஆனாலும் பேருதான தம்பி. நம்பரு இல்லேல்ல.”

*

மிச்ச பாகங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். ‘காஞ்சனா 2’ 2015 ஏப்ரலிலும் ‘காஞ்சனா 3’ 2019 ஏப்ரல் 19 அன்றும் வந்தன. இரண்டிலும் சமூகச் சரக்கு உண்டு. இரண்டாவதில் நித்யா மேனன் மாற்றுத்திறனாளிப் பெண்ணாக வந்தார். ஆனால் அதற்குள் ரசிகனுக்கு வரிசை மனப்பாடமாகிவிட்டது. சிரிப்பு, பிளாஷ்பேக், கண்ணீர், ஆட்டம். தகவலை ஒளித்து வைக்கும் வித்தை ஒருமுறைதான் பலிக்கும். பபூன் முடிந்ததும் நாரதர் வருவார் என்று தெரிந்த கூட்டம் பபூன் நேரத்திலேயே தயாராக இருக்கும், வெட்கப்பட வேண்டிய அவசியம் வராது. இந்தியில் லாரன்ஸே இயக்கி, அக்‌ஷய் குமார் நடித்து 2020 நவம்பரில் ஓடிடியில் வந்ததையும் பார்த்தேன். அங்கே எதிர்ப்பு கிளம்பியது ‘லட்சுமி பாம்’ என்ற பெயரில் லட்சுமியும் பாம்மும் சேர்ந்திருந்ததற்கு. கடைசியில் பெயரைச் சுருக்கினார்கள். திருநங்கை பாத்திரத்தைவிடத் தலைப்புதான் அதிகம் பேசப்பட்டது.

இந்தப் படங்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வெளியே உலகம் வேறு வேகத்தில் நகர்ந்தது. தமிழகத்தில் திருநங்கைகளுக்கான நலவாரியம் அமைந்தது 2008 ஏப்ரல் 15. மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014இல், அதே ஏப்ரல் 15. மதுரையில் பிறந்து வளர்ந்த நர்த்தகி நடராஜ் பரதத்துக்காகப் பத்மஸ்ரீ பெற்றது 2019இல். அவர் சாகவும் இல்லை, பேயாகவும் இல்லை, எம்.எல்.ஏ. யாரையும் கொல்லவும் இல்லை. ‘காஞ்சனா 3’ தியேட்டருக்கு வந்து மூன்று நாள் கழித்து, 2019 ஏப்ரல் 22 அன்று, யானைமலைக்குப் பக்கத்தில் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு தீர்ப்பு வந்தது. தூத்துக்குடியில் கோயிலில் கல்யாணம் செய்த ஒரு இளைஞர், திருநங்கை இணையின் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கு. இந்து திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றார் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன். அந்த வாரம் மதுரையில் எத்தனை பேர் படம் பார்த்தார்கள், எத்தனை பேர் தீர்ப்பைப் படித்தார்கள் என்று கணக்கு எடுக்க வேண்டியதில்லை.

அக்கா தீர்ப்பைக் கேள்விப்பட்டிருந்தார். “அது கல்யாணம் பண்றவளுகளுக்கு. எனக்குக் கடைக்கு இடம்தான் பிரச்சினை” என்று சிரித்தார். இப்போது கடை போடும் இடம் ஒரு வீட்டுத் திண்ணையோரம், மாத வாடகை, வீட்டுக்காரர் மனம் மாறினால் காலி செய்ய வேண்டும்.

கிளைமாக்ஸ் ஆட்டத்தைப் பார்க்க அவர் ஆசைப்படவில்லை. “அந்த நிலம் வருமே, அதைத் திருப்பிப் போடு” என்றார். போட்டேன். காஞ்சனா நிலம் வாங்குகிறார், ஆஸ்பத்திரிக் கனவு காண்கிறார். பறிகொடுக்கிறார். அக்கா இமைக்காமல் பார்த்தார். சேலைக்குச் சிரித்த முகமே இல்லை.

“கடைசில அங்க ஆஸ்பத்திரி வந்துரும்ல?”

“வந்துருங்கா.”

“பட்டா யாரு பேருல?”

எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. மூன்று முறை பார்த்த படம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படம். யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் குழிக்கல்லில் எண்ணெய் விட்டு, முதல் ஈடு ஊற்ற ஆரம்பித்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு இரண்டு பிள்ளைகள் தட்டை நீட்டிக்கொண்டு நின்றன.